நோயாளியின் உயிரணுவே சாட்சி



பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்புறமுள்ள சந்து ஒன்றில் குடியிருப்பவன் நான். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. கல்லூரியில் நான் படித்தது சரித்திரம், விஞ்ஞானம் அன்று. அப்படிப்பட்டவன் மூளையின் பரம்பரை நோய் ஒன்றைப் பற்றியும், அதை ஆராய்வதற்கு நோயாளியின் உயிரணுக்களையே கருவியாக்கும் புதுமுறையைப் பற்றியும் பேச வந்ததற்குக் காரணம் இரண்டு காகிதங்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் சந்தின் கோடியில் இருப்பவர், பழைய மோட்டார் உதிரிச் சாமான் கடையில் வேலை செய்பவர், மனைவியையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மணந்திருப்பது சொந்த அக்காள் மகளை. அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பையன். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்குத் தலை சற்றுப் பெரிது. அறிவாளியாக வருவான் என்று ஊரில் பாட்டிமார் சொன்னார்களாம். இரண்டு வயதுக்கு மேல்தான் நடந்தான். நடந்தவன் இப்போது தள்ளாடுகிறான். ஒரு நாள் வாசற்படியில் விழுந்து தலையில் இலேசாக அடிபட்டது. அன்றிரவே வலிப்புக் கண்டது. பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மூளையின் வெண்பகுதியில் பழுது, பரம்பரை நோயாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் கொண்டுவந்த காகிதங்களுள் ஒன்று வழவழப்பான வண்ணத் தாள். ஏதோ ஒரு சிகிச்சை நிலையத்தின் விளம்பரம். 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் மூளை புதுப்பிக்கப்படும், மூன்று தவணைக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்பது அதன் சாரம். மற்றொன்று ஆங்கிலத்தில் டைப் அடித்த ஆறு பக்கம். ஆராய்ச்சிக்கான சம்மதப் பத்திரம். குழந்தையிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் சிறிது இரத்தம் எடுத்து, அதிலிருந்து 'ஸ்டெம் செல்' உண்டாக்கி நோயின் மூலத்தை ஆராயப் போகிறோம். இதனால் குழந்தைக்கு நேரான பலன் எதுவும் இராது என்று அதில் கண்டிருந்தது.

"ரெண்டுலேயும் ஒரே வார்த்தைதான் ஸார் போட்டிருக்கு," என்றார் அவர். "ஒருத்தர் அஞ்சு லட்சம் கொடு, குணமாக்கறேங்கறார். இன்னொருத்தர் ரத்தம் கொடு, ஆனா குணமாகாதுங்கறார். நாங்க எதை நம்பறது?"

அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கையில் வளையல் இல்லை. அடகு வைப்பதற்காக அவற்றைக் கழற்றியாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

அவருடைய கேள்விக்கு விடை தேடிப் போன வழியில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நேயர்களில் பலர் எங்களைப் போலவே சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறி, வேற்று மொழியில் அச்சிட்ட ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்திட வேண்டியவர்கள். உங்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் வெண்பகுதி என்பது என்ன? மூளையை அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். வெளிப்புறம் சாம்பல் நிறம், உள்ளே வெண்மை. சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் நெருங்கியிருக்கின்றன. வெண்பகுதியோ அவற்றிலிருந்து புறப்பட்டு மூளையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கும், முதுகுத்தண்டுக்கும் ஓடும் நீண்ட இழைகளால் ஆனது. அந்த இழைகளைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த உறை ஒன்று அடுக்கடுக்காகச் சுருட்டப்பட்டிருக்கிறது. அந்த உறையின் நிறமே வெண்மை. 1854-இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ இதற்கு மயலின் என்று பெயரிட்டார். மின்சாரக் கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைக்கு இதை ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பாதிதான் சரி. ரப்பர் மின்சாரம் கசியாமல் காப்பதோடு நின்றுவிடுகிறது. மயலினோ செய்தியைத் தாவித் தாவி ஓடச் செய்கிறது. உறையுள்ள பருத்த இழையில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை பாயும். உறையில்லாத மெல்லிய இழையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே ஊரும். நிற்பதும் நடப்பதும் நாக்குப் புரள்வதும் இந்த வேகத்தை நம்பி நடப்பவை.

உறையைத் தயாரிப்பது ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் ஓர் உயிரணு. நாவில் நுழையாத பெயர். உறை நெய்யும் அணு என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பக்கத்திலேயே நட்சத்திர வடிவில் வேறோர் அணு உண்டு. உப்பையும் நீரையும் அளவாக வைப்பதும், இரத்தக் குழாய்களுக்கும் மூளைக்கும் இடையே காவல் நிற்பதும் அதன் பொறுப்பு. இந்த இருவகை அணுக்களுள் எதன் மரபணுவில் பழுது ஏற்பட்டாலும் வெண்பகுதி கெடும். அப்படிக் கெடுகிற பரம்பரை நோய்கள் பல. தனித்தனியே ஒவ்வொன்றும் அபூர்வம்.

இவற்றுள் ஒன்று நம் நாட்டோடு நெருங்கிய சம்பந்தம் உள்ளது. பம்பாயில் நரம்பியல் நிபுணர் பீம் சென் சிங்கால் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பெரிய தலை, தாமதமாக நடை, பிறகு தள்ளாட்டம், வலிப்பு. படத்தில் வெண்பகுதி முழுதும் வீக்கம். இப்படிப்பட்ட குழந்தைகள் அகர்வால் சமூகத்துக் குடும்பங்களிலிருந்து மீண்டும் மீண்டும் அவரிடம் வந்தார்கள். 1991-இல் அவரும் அவருடைய சகாக்களும் இதை வெளியிட்டார்கள். 1995-இல் நெதர்லாந்தில் மார்யோ வான் டெர் க்நாப் என்னும் மருத்துவ அம்மையார், அதே நோயை வேறு நாட்டுக் குழந்தைகளிடம் கண்டு விவரித்தார். 2001-இல் எம்.எல்.ஸி.-1 என்ற மரபணு பிடிபட்டது. பின்னர் அகர்வால் நோயாளிகளைச் சோதித்தபோது அவர்களிடம் காணப்பட்டது ஒரே பழுது. அந்த மரபணுவில் ஓர் எழுத்து அதிகமாக நுழைந்திருந்தது.

ஓர் எழுத்தினால் இவ்வளவு வருமா என்று நினைப்பவர்கள் அச்சகத்தில் பிழை திருத்தியவர்களைக் கேட்க வேண்டும். 'மழை' என்பதில் ஓரெழுத்துப் பிசகினால் 'மலை' ஆகிவிடும். மரபணுவின் சங்கதி இன்னும் மோசம். அதில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மும்மூன்று எழுத்தாக எண்ணித்தான் உடல் அதைப் படிக்கிறது. நடுவில் ஓர் எழுத்து மிகுந்தால், அதற்கப்பால் உள்ள ஒவ்வொரு சொல்லும் இடம் பெயர்ந்து பொருளற்றுப் போகும். பல தலைமுறைக்கு முன் யாரோ ஒரு மூதாதையிடம் நேர்ந்த அந்தப் பிழை, தங்களுக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்த ஒரு சமூகத்தில், ஊர் ஊராகக் குடிபெயர்ந்தபோதும் கூடவே வந்திருக்கிறது. இது அந்தச் சமூகத்தின் குற்றமன்று. எல்லாச் சமூகத்திலும் இப்படிச் சில பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அவர்களிடம் இருந்ததை ஒரு கூர்மையான வைத்தியர் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

எங்கள் சந்துப் பையனுக்கும் பின்னர் மரபணுச் சோதனை நடந்தது. அதே எம்.எல்.ஸி.-1 மரபணுதான், பழுது மட்டும் வேறோரிடத்தில்.

பெயர் தெரிந்துவிட்டது, மரபணு தெரிந்துவிட்டது, இன்னும் ஏன் மருந்தில்லை? எனக்கும் இதே கேள்விதான் எழுந்தது. பிழையான எழுத்தை அறிவது வேறு. அந்தப் பிழையினால் உயிருள்ள அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று அறிவது வேறு. கல்லீரல் நோயென்றால் ஊசியால் சிறிது சதை எடுத்துப் பார்க்கலாம். மூளையில் அப்படிக் கிள்ளிப் பார்க்க முடியுமா? இறந்தபின் கிடைக்கும் மூளையோ எரிந்து முடிந்த வீட்டைப் போன்றது. நெருப்பு எங்கே பற்றியது என்று அது சொல்லாது. எலியைக் கேட்கலாம் என்றால், மனித மூளையில் ஏறக்குறையப் பாதி வெண்பகுதி. எலியின் மூளையிலோ அது சிறு பங்கு. அதைவிடச் சங்கடம், மனிதனிடம் கடும் நோயாக வெளிப்படும் அதே பழுதை எலியிடம் ஏற்படுத்தினால், சில வேளைகளில் அது ஒன்றுமே நேராததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, கேட்க வேண்டியது நோயாளியின் மூளை அணுவையே; ஆனால் மூளையைத் தொடக்கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யாமனாக்கா. எலும்பு அறுவை வைத்தியராகத் தொழிலைத் தொடங்கி, ஆராய்ச்சிக்கு வந்தவர்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேசியாக வேண்டும். என் தொழில் அப்படி. 'ஸ்டெம்' என்றால் தண்டு. ஆகவே சிலர் இதைத் தண்டணு என்று எழுதினார்கள். முதுகுத்தண்டிலிருந்து எடுப்பது போலும் என்று பயந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். குருத்தணு என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வாழைக் குருத்தை எண்ணிப் பாருங்கள். இன்னும் விரியாதது, விரியும் ஆற்றல் உள்ளது. கருவின் தொடக்கத்தில் உள்ள அணுக்கள் அப்படிப்பட்டவை. தோலாகலாம், இரத்தமாகலாம், நரம்பாகலாம். விரிந்த இலை மீண்டும் குருத்தாகாது என்பது வாழைத் தோட்டத்தில் அனைவரும் அறிந்தது. உடலிலும் அதுவே விதி என்று நெடுங்காலம் நம்பினார்கள்.

1962-இல் இங்கிலாந்தில் ஜான் கர்டன் என்பவர் அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தார். தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வைத்தார். அதிலிருந்து புதிய தலைப்பிரட்டை தோன்றியது. யாமனாக்கா பிறந்ததும் அதே 1962-இல்தான். அவர் முட்டையையும் வேண்டாமென்று ஒதுக்கினார். குருத்தணுக்களில் மட்டும் சுறுசுறுப்பாக இயங்கும் 24 மரபணுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, நான்கே போதும் என்று கண்டார். அந்த நான்கையும் செலுத்தியதும் முற்றிய தோலணு குருத்தணுவாக மாறியது. எலியில் 2006-இல், மனித அணுவில் 2007-இல். 2012-இல் கர்டனுக்கும் யாமனாக்காவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இதன் விளைவு என்னவென்று பாருங்கள். நோயுற்ற பையனின் கையிலிருந்து சில மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கிறார்கள். அதிலுள்ள வெள்ளணுக்களைக் குருத்தணுக்களாக்குகிறார்கள். அவற்றைப் படிப்படியாக வேறுவேறு ஊட்ட நீரில் வளர்த்து, நரம்பின் தொடக்க அணுவாகவும், பிறகு நட்சத்திர அணுவாகவும், உறை நெய்யும் அணுவாகவும் ஆக்குகிறார்கள். 37 டிகிரி உஷ்ணமுள்ள பெட்டியில், உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டில் இது நடக்கிறது. இந்த அணுக்கள் எலியின் அவசரத்துக்கு வளர்வதில்லை. மனிதக் குழந்தையின் நிதானத்திலேயே வளர்கின்றன. உறை நெய்யும் அணுவரை வருவதற்கு நூறு நாளுக்கு மேல் பிடிப்பதும் உண்டு. அதுவரை ஊட்ட நீரை ஓயாமல் மாற்ற வேண்டும். பண்டிகையென்றும் ஞாயிறென்றும் பார்க்க முடியாது.

முடிவில் அந்தத் தட்டில் இருப்பது பையனின் மூளையன்று. ஆனால் அவனுடைய அதே எழுத்துப் பிழையைத் தாங்கிய மனித மூளையணு. வைத்தியரால் காண முடியாத இடத்தில் நடந்ததற்கு அது சாட்சி.

சாட்சி எப்படிப் பேசும்? ஒரு நுட்பமான உபாயம் செய்கிறார்கள். பையனின் குருத்தணுக்களில் ஒரு பங்கை எடுத்து, அந்தப் பிழையை மட்டும் திருத்திவிடுகிறார்கள். மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் முறை இப்போது உண்டு. பிறகு திருத்தியதையும் திருத்தாததையும் பக்கம் பக்கமாக வளர்க்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை. வேற்றுமை அந்த ஒரு பிழையே. ஆகையால் தட்டில் காணும் வித்தியாசத்துக்கு வேறு எதன்மேலும் பழி போட முடியாது.

இந்த முறையில் கிடைத்த சில உண்மைகளைச் சொல்கிறேன். பெலிட்ஸேயஸ்–மெர்ஸ்பாக்கர் நோய் என்று ஒன்று. ஜெர்மனியில் 1885-இலும் 1910-இலும் இதை விவரித்த இருவரின் பெயர். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பிடிக்கும். கண் ஓயாமல் ஆடும், கழுத்து நிற்காது. பி.எல்.பி.-1 என்ற மரபணுவில் பழுது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் பால் டெஸார் குழுவினர் இந்த நோயுள்ள 12 பேரின் அணுக்களை வளர்த்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயின் பெயர் ஒன்று. ஆனால் பன்னிரண்டு பேருக்கும் வண்டி ஒரே இடத்தில் நிற்கவில்லை. சிலரிடம் உறை நெய்யும் அணுக்களே போதிய அளவு பிறக்கவில்லை. சிலரிடம் பிறந்தும் நெய்யவில்லை. சிலரின் அணுக்களுக்கு ஒரு இரசாயனம் உதவியது, மற்றவர்களுடையவற்றுக்கு உதவவில்லை. ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுத்துச் சோதித்திருந்தால், 'பயனில்லை' என்று அதைக் குப்பையில் எறிந்திருப்பார்கள்.

2019-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதே நோயுள்ள ஒருவரின் அணுக்களையும், பிழை திருத்திய அணுக்களையும் ஒப்பிட்டபோது, நோயுற்ற அணுக்கள் இரும்பின் நஞ்சினால் மடிகின்றன என்று தெரிந்தது. இரும்பை ஒட்டி எடுத்து வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அணுக்கள் பிழைத்தன. இந்த டெஃபெரிப்ரோன் நமக்குப் புதிதன்று. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்காக 1990-களிலேயே நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. உடனே இதை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். தட்டில் பிழைத்தது வேறு, உடலில் பிழைப்பது வேறு. இரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயமாகக் குறைத்துவிடக்கூடிய மருந்து அது.

மற்றொன்று அலெக்ஸாண்டர் நோய். அதில் பழுது நட்சத்திர அணுவில். 2018-இல் நோயாளிகளிடமிருந்து வளர்த்த நட்சத்திர அணுக்களை, நல்ல நிலையிலுள்ள உறை நெய்யும் அணுக்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நல்ல அணுக்கள் பெருகாமல் தேங்கின. நட்சத்திர அணுவின் பிழையைத் திருத்தியதும் மீண்டன. நெசவாளியிடம் குறையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் தறியை ஓடவிடவில்லை! எங்கள் பையனின் எம்.எல்.ஸி. நோயிலும் பழுது நட்சத்திர அணுவில்தான். அங்கே உப்பும் நீரும் அளவு தவறியதால் வெண்பகுதி வீங்குகிறது.

நம் பெங்களூரில் இத்தகைய வேலை நடக்கிறதா? நடக்கிறது. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மனநோய் ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநலக் கழகமும் 1974-இல் இணைந்து உருவானது. நகரின் மறுகோடியில், பெல்லாரி சாலையில் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில், என்.ஸி.பி.எஸ். என்னும் உயிரியல் ஆராய்ச்சி மையமும், குருத்தணு ஆராய்ச்சிக்கென்றே ஏற்பட்ட இன்ஸ்டெம் நிலையமும் இருக்கின்றன. மனநோய் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியுள்ள குடும்பங்களின் இரத்தத்திலிருந்து குருத்தணுக்களை உண்டாக்கி ஆராயும் பெரிய முயற்சியை இம்மூன்றும் சேர்ந்து நடத்தின. தெற்கே நோயாளி, வடக்கே தட்டு. இடையில் எங்கள் சிவாஜிநகர். எங்கள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது.

வெண்பகுதிக்கு மிக அருகில் வருவது லோ நோயைப் பற்றிய ஆராய்ச்சி. 1952-இல் அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் லோ விவரித்த பரம்பரை நோய். பிறவியிலேயே கண்புரை, சிறுநீரகக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறைவு. படத்தில் வெண்பகுதியிலும் மாறுதல் காண்பதுண்டு. எலியில் அந்த மரபணுவை நீக்கினால், அதைப்போன்ற வேறொரு மரபணு ஈடுகொடுத்துவிடுவதால் எலிக்கு நோய் வருவதில்லை. என்.ஸி.பி.எஸ். ஆராய்ச்சியாளர்கள் லோ நோயுள்ளவர்களின் அணுக்களிலிருந்தே குருத்தணு வகைகளை உருவாக்கி, 2022-இல் வெளியிட்டார்கள். எலி வாய்மூடிய இடத்தில் மனித அணு பேசுகிறது.

இனி அந்த இரண்டு காகிதங்களுக்கு வருவோம். 'ஸ்டெம் செல்' என்ற ஒரு சொல் இன்று நாலு பொருளில் வழங்குகிறது என்பதே அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன விடை.

எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் உள்ளன. அவற்றை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. வெண்பகுதி நோய்களில் சிலவற்றுக்கு, அதுவும் அறிகுறி முற்றுமுன், அது பயன்படுகிறது. நோயாளியின் சொந்த மஜ்ஜையணுவை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்துவது இரண்டாவது. மெட்டாக்ரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்ற நோய்க்கு இத்தாலியில் உருவான இந்தச் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் வைத்த விலை 42,50,000 டாலர்! மூன்றாவது, நான் இவ்வளவு நேரம் சொன்ன தட்டு அணு. அது ஆளுக்குள் திரும்பிப் போவதில்லை, தட்டிலேயே இருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. நாலாவது, வண்ணத் தாளில் விற்பது. முதல் இரண்டின் புகழையும் மூன்றாவதன் புதுமையையும் இரவல் வாங்கிக்கொண்டு, எந்த நோய்க்கும் ஒரே ஊசி என்பது அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. இரத்த நோய் போன்றவற்றுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மஜ்ஜை மாற்றத்தைத் தவிர, மற்ற குருத்தணுப் பிரயோகமெல்லாம் அனுமதி பெற்ற பரிசோதனையாகவே நடக்க வேண்டும். பரிசோதனையில் பங்கு கொள்பவரிடம் அதற்குக் கட்டணம் கேட்பது முறையன்று.

"அப்போ காசு கேக்கறவர்தான் சந்தேகமா?" என்றார் அவர். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வளையல்கள் மறுநாளே திரும்பின. ஆனால் சம்மதப் பத்திரம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. பங்கு கொள்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது விதி. தமிழில் படித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஏன் ஆறு பக்கம் என்றால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற ஏழை நீக்ரோ பெண்மணியின் கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலே, அணுக்களை எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்தார். அணுக்களோ இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. குடும்பத்துக்கு இது இருபதாண்டுகளுக்கு மேல் தெரியாது. அந்த அநியாயத்தின் பாடமே இந்தப் பத்திரம்.

குருத்தணுக்களைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், நெடுங்காலம் சேமித்து வைப்போம் என்ற வரியை நான் வாசித்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த அந்த அம்மாள் கேட்டார்: "இவன் இல்லாமப் போனாலும் அது உயிரோட இருக்குமா?"

எத்தனையோ சர்க்கார் கோப்புகளை மொழிபெயர்த்தவன் நான். "இருக்கும், அம்மா," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்போ எடுத்துக்கட்டும்," என்றார்.

அந்தச் சோதனைகளால் வேறொரு விஷயமும் வெளிவந்தது. இந்த நோய் ஒரு குழந்தைக்கு வர வேண்டுமானால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் நோயற்றவராகவே வாழ்வார். இருவரும் அப்படிப்பட்டவர்களாயிருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். மாமனிடம் பிழை இருந்தால் அதே பிழை அக்காள் மகளிடமும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் எட்டில் ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி உறவுக்குள் மணந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பேர், கர்நாடகத்தில் 27. வெளி மாநிலத்துக்கு வந்த பிறகும் பெண்ணெடுக்க ஊருக்குப் போகும் நம் வழக்கத்தை நான் குறைகூறவில்லை. என் தாய் தந்தையரும் அத்தை மகன், மாமன் மகள்தான். அவர்கள் காலத்தில் கேட்டறிய வழியில்லை, இப்போது இருக்கிறது.

எங்கள் அண்டை வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த ஏற்பாடு இது: அந்த அம்மாளின் தங்கையை, கணவரின் தம்பிக்கே முடிப்பதென்று. அதாவது மீண்டும் மாமனுக்கு அக்காள் மகள். தம்பியிடம் பிழை இருக்கச் சரிபாதி வாய்ப்பு, தங்கையிடமும் சரிபாதி. பையனின் பிழை இன்னதென்று தெரிந்துவிட்டதால், இருவரிடமும் அது உண்டா இல்லையா என்று சாதாரண இரத்தச் சோதனையாலேயே சொல்லிவிடலாம். ஊரில் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். 'பெண்ணுக்குப் பழுது' என்று பேச்சு வருமே என்ற பயம். தம்பிதான் முந்திக்கொண்டு, முதலில் என் இரத்தத்தை எடுங்கள் என்றார். அவரிடம் பிழை இருந்தது. பெண்ணிடம் இல்லை. ஆகவே அந்த வகையில் தடையேதும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருந்தும் கல்யாணம் நடக்கவில்லை. சோதனை முடிவுக்குக் காத்திருந்த ஆறு வாரத்தில் அந்தப் பெண் பி.எட். படிப்புக்கு மனுப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். எந்த நோயையும் காரணம் காட்டாமல், படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். தம்பியும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இத்தகைய சந்தேகம் உள்ள குடும்பங்கள் எங்கே போவது என்று நேயர்கள் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டின் அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கைப்படி பல நகரங்களில் சிறப்பு மையங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியும் மனித மரபியல் மையமும் சேர்ந்த ஏற்பாடு அவற்றுள் ஒன்று. கொள்கையில் குறித்துள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எல்லா வெண்பகுதி நோயும் அதில் அடங்குவதில்லை. ஆயினும் வழி கேட்பதற்கு அது சரியான வாசல்.

பையன் எப்படி இருக்கிறான்? எம்.எல்.ஸி. நோயில் ஓர் ஆறுதல் உண்டு. படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பல குழந்தைகளின் நிலை அந்தப் படம் காட்டும் அளவுக்கு மோசமாவதில்லை, சீர்கேடு மெதுவாகவே வருகிறது. தலையில் அடிபடாமல் மட்டும் காக்க வேண்டும். சிறு அடியே சில நாளைக்கு நடையைக் குலைத்துவிடும். தகப்பனார் தம் கடைச் சாமான்களிலிருந்து ஒரு சின்னத் தலைக்கவசத்தைத் தேடியெடுத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார். செப்டம்பரில் மரியன்னை ஆலயத் திருவிழாக் கூட்டத்தில் அதை அணிந்துகொண்டு தகப்பனார் தோள்மேல் உட்கார்ந்து போனான். ஊரே அவனைப் பார்த்தது. அவனுக்கு அதில் பரம சந்தோஷம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆராய்ச்சிசாலையிலிருந்து ஓர் அம்மையார் போனில் கூப்பிட்டாராம். அணுக்கள் குருத்து நிலைக்கு வந்துவிட்டன. நட்சத்திர அணுவாக ஆக இன்னும் சில மாதங்கள் பிடிக்கும் என்று சொன்னாராம்.

"அது என்னோட ரத்தம்தானே, மாமா?" என்று பையன் என்னைக் கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"அதுக்கு யாரு சாப்பாடு போடறாங்க?"

ஊட்ட நீர் மாற்றும் மாணவர்களைப் பற்றிச் சொன்னேன். தீபாவளிக்கும் வருவார்களா என்று கேட்டான். வருவார்கள் என்றேன்.